நீல அட்டையும் 50 மீட்டரும்

தூறல் விட்டும் விடாமலும் விழுந்துகொண்டிருந்த ஒரு கார்த்திகைச் சனிக்கிழமை முற்பகலில், கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில், முருங்கைக்காய்ப் பெட்டிகளும் கீரைக்கட்டுகளும் நடைபாதை வரையில் வழிந்து கிடக்கும் தமிழ்க் கடைகளுக்குச் சமீபமாகக் கிளை பிரியும் ஒரு தெருவில், மஞ்சள் கோட்டின் மேல் பழைய டொயோட்டா கார் ஒன்று நின்றிருந்தது. முன்கண்ணாடிக்குப் பின்னே நீல அட்டை ஒன்றும், வந்து சேர்ந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரமும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. மகன் ஒரு பக்கம் தோள் கொடுக்க, வாக்கரை ஊன்றி அடி அடியாகக் கடையிலிருந்து திரும்பிவந்த பெரியவர், தம் காரின் எண்ணைக் கையிலிருந்த கருவியில் பதிந்துகொண்டிருந்த சீருடை இளைஞனைக் கண்டதும் நின்றுவிட்டார். அவனும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான்.

“ஐயா, இது நேற்றோட முடிஞ்சுது. பதிஞ்சுபோட்டன், இனி என்னால ஒண்டும் செய்யேலாது.”

“முடிஞ்சது அட்டையின்ர காலம், தம்பி. என்ர கால் எப்பவோ முடிஞ்சுபோச்சு.”

இளைஞன் சிரித்தான், பெரியவரும் சிரித்தார், அபராதச் சீட்டு மட்டும் தன் கடமையை மறவாமல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. இலங்கையின் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அகதிகளாகவும் மாணவர்களாகவும் வந்திறங்கி, பெட்ரோல் நிலையங்களிலும் கடைகளிலும் இரவு பகலாக நின்றே உழைத்த ஒரு தலைமுறை இன்று எழுபதைத் தாண்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆகையால், ஹாரோவிலும் டூட்டிங்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் கோயில் மண்டபமோ கலியாண வீடோ எங்கே நாலு பேர் கூடினாலும், சம்பாஷணை சுற்றிவளைத்து, மாற்றுத்திறனாளிகளுக்குக் கார் நிறுத்தச் சலுகை தரும் இந்த ‘ப்ளூ பேட்ஜ்’ என்னும் நீல அட்டை விஷயத்தில் வந்து நிற்பதில் ஆச்சரியமில்லை.

ஒரு மகனின் மசோதா

1969-ஆம் ஆண்டின் இறுதியில், தனி உறுப்பினர் மசோதாக்களுக்காகப் பார்லிமெண்டில் நடைபெறும் குலுக்கலில் முதலிடம் பெற்றவர், மான்செஸ்டர் நகரத்து விதின்ஷா தொகுதியின் தொழிற்கட்சி அங்கத்தினர் ஆல்ஃப் மாரிஸ். முதல் உலக யுத்தத்தில் நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டு, பல ஆண்டுகள் நோயோடு போராடி மாண்ட ஒரு போர்வீரரின் புதல்வர் அவர். நாள்பட்ட நோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் குறித்த அவருடைய சட்டம், பொதுத் தேர்தலுக்காகச் சபை கலையும் தறுவாயில், 1970 மே 29-இல் அங்கீகாரம் பெற்றது. அதன் 21-ஆவது பிரிவுதான் இந்த அட்டைக்குப் பிறப்பிடம். 1971-இல் ஆரஞ்சு நிறத்தில் வழங்கத் தொடங்கிய அட்டை, ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான மாதிரியைத் தழுவி 2000-இல் நீலமாயிற்று. மாரிஸ் 1974-இல் மாற்றுத்திறனாளிகள் நலனுக்கென நியமிக்கப்பட்ட மந்திரியானார். அப்படியொரு பதவி உலகில் அதற்கு முன் இருந்ததில்லை. இன்று இங்கிலாந்தில் மட்டும் 25 இலட்சத்துக்கும் அதிகமானோர் இவ்வட்டையை வைத்திருக்கின்றனர்.

பெட்டிச் செய்தி: அட்டை தரும் உரிமைகள்

தெருவோரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய கட்டங்களில் நிறுத்தலாம். கட்டணம் வாங்கும் தெருவோர இடங்களில் இலவசமாக, பெரும்பாலும் கால வரம்பின்றி நிறுத்தலாம். சரக்கு ஏற்றி இறக்கத் தடையில்லாத மஞ்சள் கோடுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 3 மணி நேரம் வரையில் நிறுத்தலாம். அப்போது கடிகாரம் வைப்பது கட்டாயம்.

அட்டை மனிதருக்கு உரியது, வாகனத்துக்கு அன்று. மகன் காரிலும் வைக்கலாம், வாடகைக் காரிலும் வைக்கலாம். உரியவர் அந்தப் பயணத்தில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

கட்டணம் இங்கிலாந்தில் அதிகபட்சம் 10 பவுண்டு, ஸ்காட்லாந்தில் 20 பவுண்டு, வேல்ஸில் ஒன்றுமில்லை.

சூப்பர் மார்க்கெட் முதலிய தனியார் நிறுத்துமிடங்களில் இந்தத் திட்டம் செல்லாது. அங்கே ஆளுவது அந்தந்த உரிமையாளரின் விதியும் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும்.

மதிப்பெண் வாங்கும் நடை

இவ்வளவு அநுகூலம் ஓர் அட்டையில் இருக்கும்போது, அதை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி எழுவது நியாயமே. சட்டம் விண்ணப்பதாரர்களை இரண்டு வாசல்கள் வழியே உள்ளே விடுகிறது. முதல் வாசலில் பரிசீலனை ஏதுமில்லை. பார்வையற்றோர் என்று பதிவு பெற்றவர்கள், யுத்தத்தில் காயமுற்று அதற்கான நடமாட்டப் படி பெறுகிறவர்கள், நடமாட்டத்துக்காகச் சில அரசு உதவித்தொகைகளைப் பெறுகிறவர்கள் ஆகியோர் கடிதத்தைக் காட்டினால் போதும். உள்ளூர்க் கவுன்சில் அட்டையைக் கொடுத்தே தீர வேண்டும். இரண்டாவது வாசலில் ஒவ்வொருவரும் தம் உடம்பைத் தாமே நிரூபித்துக் காட்ட வேண்டும்.

முதல் வாசலின் திறவுகோலாகப் பெரும்பாலோர் கையில் இருப்பது ‘பிப்’ என்று எல்லோரும் சொல்லும் உதவித்தொகை. 2013 முதல் படிப்படியாக அமலுக்கு வந்த இதில் மனிதனின் இயலாமைக்கு மதிப்பெண் உண்டு. ‘நடமாடுதல்’ என்ற தலைப்பில் 8 மதிப்பெண் வாங்கினால் அட்டை தானாகவே வரும். 20 மீட்டருக்கு மேல் நடக்க முடிந்தும் 50 மீட்டரைத் தாண்ட முடியாதவருக்கு அந்த 8. அவ்வாறாயின் 55 மீட்டர் நடந்துவிட்டு ஒரு மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் கிடப்பவரின் கதி என்ன? விதி அவரையும் அடியோடு மறந்துவிடவில்லை. அந்தத் தூரத்தைப் பத்திரமாகவும், திரும்பத் திரும்பவும், நியாயமான நேரத்துக்குள்ளும் கடக்க முடிகிறதா என்றும் பார்க்கச் சொல்கிறது. ஆனால் விண்ணப்பப் படிவத்தின் முன் உட்கார்ந்து ‘எத்தனை மீட்டர் நடப்பீர்கள்?’ என்ற கேள்வியைப் படிக்கும் பாட்டிக்கு, அந்த ‘திரும்பத் திரும்ப’ என்ற சொல்லின் மகிமையை எடுத்துச் சொல்ல யாரும் பக்கத்தில் இருப்பதில்லை.

‘பயணத்தைத் திட்டமிட்டுத் தொடர்தல்’ என்ற இன்னொரு தலைப்பில் நடக்கும் விநோதம், எனக்குத் தெரிந்த சர்க்கார் கணக்குகளிலேயே தலைசிறந்தது. கடுமையான மனத்துயரம் காரணமாக எந்தப் பயணமுமே மேற்கொள்ள முடியாதவருக்கு அதில் 10 மதிப்பெண். அந்தப் 10-க்கு அட்டை நிச்சயம். பழகிய பாதையில்கூடத் துணையின்றிப் போக முடியாதவருக்கு 12 மதிப்பெண். அந்த 12-க்கு அட்டை தானாக வராது. அதிக மதிப்பெண் வாங்கியவர் இரண்டாவது வாசலுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். பரீட்சையில் கூடுதலாக எடுத்ததற்காகத் தோல்வியுறும் மாணவனை இங்கேதான் காணலாம்.

ஓய்வூதிய வயதில் ஒரு பள்ளம்

நம் பெரியவர்களை அதிகம் வருத்துவது இன்னொரு ஏற்பாடு. அரசாங்க ஓய்வூதிய வயதை எட்டுமுன் ‘பிப்’ பெறத் தொடங்கியவர்கள், அந்த வயதைக் கடந்த பின்னும் பொதுவாக அதைத் தொடர்ந்து பெறலாம். ஆனால், அந்த வயதுக்குப் பிறகு முதன்முறையாக நோயுற்றவர்கள் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. அவர்களுக்கென்று இருப்பது ‘அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்’ என்னும் பராமரிப்புப் படி. குளிப்பாட்டவும் உடுத்திவிடவும் துணை வேண்டியிருப்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நடக்க முடிகிறதா என்பதைப் பற்றி அதில் ஒரு பகுதியே கிடையாது. ஆகவே, 60 வயதில் முழங்கால் தேய்ந்தவருக்கு முதல் வாசல் திறந்திருக்கிறது; 70 வயதில் அதே முழங்கால் அதே அளவு தேய்ந்தவர் இரண்டாவது வாசலில் நிற்கிறார். வயது ஏற ஏற நடை தளரும் என்பது உலகம் அறிந்த சங்கதியாக இருக்க, நடை தளர்ந்ததற்கு அத்தாட்சி கேட்பது வயதானவரிடமே மிகுதியாக இருப்பதை என்னவென்று சொல்வது!

இரண்டாவது வாசலில் நடப்பது என்ன? முன்னாளில் குடும்ப வைத்தியர் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் காரியம் முடிந்துவிடும். தம்மிடம் இருபது ஆண்டுகளாக வருகிற நோயாளிக்கு இல்லையென்று எழுத எந்த வைத்தியருக்கு மனம் வரும்? 2012-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அந்த வழக்கத்தைப் பெரும்பாலும் மாற்றி, விண்ணப்பதாரரை முன்பின் அறியாத நிபுணர் ஒருவரிடம் பரிசோதனையை ஒப்படைத்தது. கொள்கையளவில் இதில் குறை சொல்ல இடமில்லை. நாற்காலியிலிருந்து எழுவது, கதவு வரை நடப்பது, வழியில் எத்தனை முறை நின்று மூச்சு வாங்கினார் என்பது, மேல்மூச்சு, வலி, தள்ளாட்டம், எந்தக் கையில் எந்த ஊன்றுகோல் என எல்லாவற்றையும் அவர் கவனிக்கிறார்.

இங்கேதான் நம்மவர்களுடைய சுபாவம் நம்மவர்களுக்கே எதிராகச் சாட்சி சொல்லிவிடுகிறது. அந்நியர் ஒருவர், அதிலும் ஓர் உத்தியோகஸ்தர், ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டால், நெஞ்சுக்குள் எவ்வளவு வலியிருந்தாலும் ‘கடவுள் கிருபையாலை சுகமாயிருக்கிறன்’ என்று சொல்லியே வளர்ந்தவர்கள் அவர்கள். அன்றைக்கென்று நல்ல சேலையும், கழற்றி வைத்திருந்த நல்ல செருப்பும், வலி மாத்திரை ஒன்று கூடுதலாகவும் போட்டுக்கொண்டு, பிறர் பார்க்கத் தள்ளாடுவது கௌரவக் குறைவு என்று பல்லைக் கடித்து விறுவிறுவென்று நடந்து காட்டுவார்கள். ‘கடைக்குப் போவீர்களா?’ என்றால் ‘போவன்’ என்பார்கள். மகள் காரில் ஏற்றி, வாசலில் இறக்கி, கைத்தாங்கலாக அழைத்துப் போவதைத்தான் அந்த ஒரு சொல் குறிக்கிறது என்பது கேட்டவருக்குத் தெரியாது. மொழிபெயர்க்க உடன் வந்த பிள்ளையோ, அம்மாவின் முன்னிலையில் அம்மாவின் மானத்தைக் காப்பதா, அட்டையைக் காப்பதா என்று தவிக்கும். நல்ல நாளைப் பற்றிச் சொல்லாமல் மோசமான நாளைப் பற்றிச் சொல்லுங்கள், வாரத்தில் எத்தனை நாள் அப்படி என்று சொல்லுங்கள் என்பது, விஷயம் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் புத்திமதி. அதில் பொய் ஏதுமில்லை. மறைத்துப் பழகிய உண்மையை ஒரு முறையாவது வெளியே எடுத்து வைப்பதுதான் அது.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகள் 2019 ஆகஸ்ட் 30 முதல் இங்கிலாந்து விதிகளில் தெளிவாக இடம்பெற்றிருக்கின்றன. ஆட்டிசம் உள்ள குழந்தை, மறதி நோயால் சாலை நடுவே நின்றுவிடும் தாத்தா, வெளியே இறங்கினாலே பீதி கவ்விக்கொள்ளும் பெண் ஆகியோருக்கு, நடக்கும்போது மிகக் கடுமையான மனத்துயரமோ தமக்கோ பிறருக்கோ பெரிய ஆபத்தோ நேருமானால் உரிமை உண்டு. அட்டை கிடைத்தபின் அவர்கள் படும் பாடு வேறு விதம். காரிலிருந்து இறங்கி இரண்டு கால்களால் ஒழுங்காக நடந்து போகிறவரைத் தெருவே முறைத்துப் பார்க்கிறது. அட்டையின் மேலிருக்கும் சக்கர நாற்காலிச் சித்திரம், நாற்காலி இல்லாத எல்லோரையும் பொய்யராக்கிவிடுகிறது.

மூன்றாண்டுக்கு ஒரு மறுபிறவி

அட்டையின் ஆயுள் அதிகபட்சம் 3 ஆண்டு. உதவித்தொகையின் ஆதாரத்தில் பெற்றிருந்தால், அந்தத் தொகை அதற்கு முன்னரே முடியும் பட்சத்தில் அட்டையும் அதனுடன் முடியலாம். புதுப்பித்தல் என்று நாம் பேச்சுவழக்கில் சொன்னாலும், நடைமுறையில் அது இன்னொரு விண்ணப்பமே. தானாகப் புதுப்பிக்கப்படும் அட்டை கிடையாது. போட்டோ, அடையாளச் சான்று, முகவரிச் சான்று, நேஷனல் இன்ஷூரன்ஸ் எண், உதவித்தொகைக் கடிதம் என்று பழைய யாத்திரையை மறுபடியும் முதலடியிலிருந்து தொடங்க வேண்டும். வெட்டப்பட்ட கால் முளைத்துவிட்டதா என்று மூன்றாண்டுக்கொரு முறை விசாரிக்கும் சர்க்காரின் கரிசனத்தை மெச்சத்தான் வேண்டும். நிலைமை மாறப்போவதில்லை என்று தெரிந்தவர்களை மீண்டும் பரிசோதனைக்கு இழுக்காமல் விட்டுவிடக் கவுன்சில்களுக்கு இடமுண்டு. அப்படி விட்டாலும் விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும், தேதி போட்ட புது அட்டை வந்தே ஆக வேண்டும்.

முடிவு தெரிய 12 வாரமும் அதற்கு மேலும் ஆகக்கூடும். பழைய அட்டை காலாவதியான மறுநாளிலிருந்து புதியது கைக்கு வரும் வரையில் சலுகைக் காலம் என்று சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. விண்ணப்பம் மேசையில் கிடக்கிறது என்பது தெருவில் செல்லுபடியாகும் பதில் அன்று. இடைப்பட்ட வாரங்களில் அந்த வீட்டின் நடப்பு எப்படியிருக்கும் என்று சிந்தித்துப் பாருங்கள். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவர், பொதுவான இடத்தில் காரை நிறுத்தி, நடக்க முடியாத தூரத்தை நடந்தாக வேண்டும். அல்லது மகன் வாசலில் இறக்கிவிட்டு, நடக்கவும் நிற்கவும் இயலாத தந்தையை மழையில் தனியே விட்டுவிட்டு இடம் தேடிச் சுற்ற வேண்டும். வெள்ளிக்கிழமைக் கோயிலும், பேரப்பிள்ளையின் அரங்கேற்றமும், கடைத்தெருவும் ஒவ்வொன்றாக நின்றுபோகும். ‘பிறகு பார்ப்பம்’ என்று ஒத்திவைத்த பயணங்களில் பல பிறகு நிகழ்வதேயில்லை. மூன்று மாதம் வீட்டுக்குள் இருந்த முதியவரின் கால், நான்காம் மாதம் வாசற்படியையே மறந்துவிடுகிறது.

கிளைத் தொல்லைகளும் உண்டு. லண்டனின் நெரிசல் கட்டணத்திலிருந்து விலக்குப் பெற அட்டைக்காரர்கள் தனியே பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அட்டை மாறியதும் புது விவரத்தை அங்கேயும் தெரிவிக்க வேண்டும். வீட்டு வாசலில் கவுன்சில் வரைந்து கொடுத்த கட்டமோ பொதுவாக அந்த வீட்டாருக்கே உரியதன்று. அட்டை உள்ள எவரும் அதில் நிறுத்தலாம். இணையத்தில் தேடும்போது, சர்க்கார்த் தளம் போலவே வேஷமிட்டு, 10 பவுண்டு காரியத்துக்குப் பல மடங்கு வாங்கும் தரகர்கள் முதலில் வந்து நிற்கிறார்கள்.

பெட்டிச் செய்தி: காலாவதிக்கு முன்

அட்டையின் முன்புறத் தேதியைப் பார்த்து, அதற்கு 12 வாரம் முன்னரே விண்ணப்பம் போடுவது உத்தமம்; நினைவூட்டல் வருமென்று காத்திராதீர்கள்.

‘பிப்’ தீர்ப்புக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களும் வேண்டும். மதிப்பெண் உள்ள பக்கம் விடுபட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், எடுத்துச்செல்ல முடியாத கனமான மருத்துவக் கருவி எப்போதும் உடனிருக்க வேண்டுமானால், அட்டை உண்டு.

அட்டைக்குரியவர் இறந்துவிட்டால் அதைக் கவுன்சிலுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

சந்தேகத்துக்குக் காரணம்

இத்தனை கெடுபிடியும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். 2012-க்கு முன்பு இருந்தது கையால் எழுதிய காகித அட்டை. கட்டணம் 2 பவுண்டு. கள்ள அட்டை செய்யக் கைத்திறன்கூடத் தேவைப்படவில்லை. அதன் பிறகே ஹோலோகிராம் பதித்த பிளாஸ்டிக் அட்டையும் நாடு முழுமைக்கும் ஒரே பதிவேடும் வந்தன. 2013-ஆம் ஆண்டின் சட்டம், சீருடையில்லாத பரிசோதகருக்கும் தெருவிலேயே அட்டையைப் பார்க்கவும் பறிமுதல் செய்யவும் அதிகாரம் கொடுத்தது. முறைகேட்டுக்கு 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. கார்க் கண்ணாடியை உடைத்து அட்டையை மட்டும் எடுத்துப் போகும் திருடர்களும் பெருகியிருக்கிறார்கள். நகர மையத்தில் நாள் முழுதும் இலவசமாக நிறுத்தும் வசதிக்கு என்ன விலை என்பது அவர்களுக்குத் தெரியும்.

திருடர்களை விட்டுவிடுவோம். மாமி வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்க, மாமியின் அட்டையை எடுத்துக்கொண்டு வெம்ப்ளியில் நகை பார்க்கப் போகிற மருமகன் நம் உறவிலும் இருக்கிறார். ‘அவவுக்குத்தானே சாமான் வாங்கப் போறன்’ என்ற சமாதானம் சட்டத்தில் எடுபடாது. அந்த மருமகன் செய்த காரியத்துக்குத் தண்டனை அநுபவிப்பது யாரென்றால், அடுத்த தெருவில் உண்மையாகவே நடக்க முடியாமல் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும் இன்னொரு மாமி. தெருவில் பிடிக்க வேண்டிய குற்றத்தை விண்ணப்ப மேசையில் பிடிக்க முயல்வதுதான் இந்த ஏற்பாட்டின் மூலக் கோளாறு என்று எனக்குப் படுகிறது. இரவல் அட்டையில் நிறுத்துகிறவன் ஒருநாளும் பரிசோதனை அறையில் நடந்து காட்டப்போவதில்லை. அந்த அறைக்கு வருகிறவர்கள் நோயாளிகள்தாம். அங்கே கேள்விகளைக் கூட்டுவதால் சிரமப்படுகிறவர்களும் அவர்கள்தாம்.

லண்டனுக்குள்ளேயே இன்னொரு பொறியும் உண்டு. சிட்டி ஆஃப் லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர், கென்ஸிங்டன் அண்ட் செல்ஸீ, காம்டனின் ஒரு பகுதி ஆகிய இடங்களில் நீல அட்டையின் சலுகைகள் முழுமையாகச் செல்லா. அவை தத்தம் பகுதியில் வாழ்வோருக்கும் வேலை செய்வோருக்குமாகச் சிவப்பு, வெள்ளை, ஊதா, பச்சை என்று தனித்தனி அட்டைகள் வைத்திருக்கின்றன. ஊரிலிருந்து வந்த உறவினருக்கு அரண்மனை காட்டப் போகிறவர்கள், புறப்படுமுன் அந்தந்தக் கவுன்சிலின் விதியைப் பார்த்துக்கொள்வது நலம்.

இல்லையென்று வந்தால்

மறுப்புக் கடிதம் வரும்போது பெரும்பாலோர் அதை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ‘பிப்’ மறுக்கப்பட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இங்கிலாந்தில் அட்டை மறுக்கப்பட்டால் அப்படியொரு தீர்ப்பாயம் இல்லை. ஆயினும், மறுத்ததற்கான காரணத்தைக் கவுன்சில் எழுத்தில் தர வேண்டும். மறுபரிசீலனை செய்யும்படி விண்ணப்பதாரர் கேட்கலாம். அந்தக் கடிதத்தில் ‘தயவுசெய்து கருணை காட்டவும்’ என்று எழுதுவதால் பலனில்லை. அவர்கள் காட்டிய காரணத்துக்கு நேர் பதிலாக, எத்தனை அடியில் நிற்க வேண்டியிருக்கிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது, சென்ற மாதங்களில் எங்கெங்கே விழுந்தார், எந்த மருத்துவமனை என்ன எழுதியிருக்கிறது என்பவற்றை வரிசையாக வைக்க வேண்டும். அதன் பிறகும் நியாயம் கிட்டவில்லையென்றால், உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்புக்கான குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அவர் நடை எப்படியிருக்கிறதென்று பார்க்கமாட்டார். கவுன்சில் விதிப்படி நடந்ததா என்று பார்ப்பார். பரிசோதனை அறிக்கையைப் படிக்காமலோ, காரணம் சொல்லாமலோ முடிவெடுத்திருந்தால் மீண்டும் பரிசீலிக்குமாறு சொல்வார். இதற்கிடையே உடல்நிலை மோசமானால், பழைய மறுப்பு எதற்கும் தடையாகாது. புதிய விண்ணப்பத்தைப் புதிய வைத்தியச் சான்றுகளோடு மறுநாளே போடலாம்.